சிலேட்டுக் குச்சி இரண்டு பெட்டி

ஹேடோ, போர்ட் பிளேர்
2-7-1957

என்னைத் தூக்கி வளர்த்த அக்கா விசாலாட்சி அம்மாள் அவர்களுக்கு, தம்பி பாலசுப்பிரமணியம் கடல் கடந்து செய்யும் நமஸ்காரம். இவ்விடத்தில் எல்லோரும் க்ஷேமம் என்று வழக்கம்போல் எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அதற்குள் மூன்று தும்மல் வந்துவிட்டது. ஆகையால் க்ஷேமத்தைப் பிறகு எழுதுகிறேன். அவ்விடத்தில் பசு, கன்று, அத்தானின் மூட்டுவலி எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்றால் பாதிதான் கிடைத்தது. காய்ச்சலுக்குப் பயந்து, மெயின்லேண்டிலிருந்து வரும் கடிதங்களை எல்லாம் ஃபினாயில் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் இங்கே கொடுக்கிறார்கள். யார் போட்ட உத்தரவு என்று விசாரித்தால் ஆளுக்கு ஆள் மேலே கையைக் காட்டுகிறார்கள். மை எல்லாம் கரைந்துபோய், 'ஒன்பது வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை', 'கும்பகோணத்துப் பெண், பத்துப் பொருத்தமும் பேஷாக இருக்கிறது', 'அடுத்த கப்பலில் ஜாதகத்தோடு நானே புறப்பட்டு வருகிறேன்' என்ற மூன்று இடங்கள் மட்டும் தெளிவாக நின்றன. ஃபினாயிலுக்கும் எதைக் கரைக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று தெரியவில்லை. நான் வீட்டில் செல்லத்திடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் கடிதம் ஈரமாக இருந்ததால் சமையலறைக் கொடியில் காயப்போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அழகாக மடித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தாள். அவளும் மூச்சு விடவில்லை.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரவேண்டாம் அக்கா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல்தான் திரும்ப இங்கே வரும். அதில் நீங்கள் ஏறக்கூடாது. எனக்கு இரண்டாவது கல்யாணம் வேண்டாம். சர்க்கார் சட்டப்படி ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் உத்தியோகமும் போய்விடும். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம். மற்றக் காரணங்களைக் கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

முதல் காரணம் காய்ச்சல். மே மாதக் கடைசிக் கப்பலில் மதராஸிலிருந்து இந்தக் காய்ச்சல் வந்து இறங்கியது. அதே கப்பலில், 'மதராஸில் புதுக் காய்ச்சல், பொதுமக்கள் ஜாக்கிரதை' என்று அச்சடித்த பத்திரிகைக் கட்டும் வந்தது. காய்ச்சலுக்குக் கை கால் இருந்ததால் முதல் நாளே இறங்கிவிட்டது. பத்திரிகைக் கட்டு புளி மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள்தான் வெளியே வந்தது. அதற்குள் பாதி ஊர் படுத்துவிட்டது. காய்ச்சல் வராமல் தடுப்பது எப்படி என்று நாங்கள் போர்வைக்குள் கிடந்தபடி படித்துத் தெரிந்துகொண்டோம். எனக்கு ஐந்து நாள் அடித்தது. செல்லத்துக்கு வரவில்லை. அவள் என் பக்கத்திலேயே வரவில்லை, கஞ்சியைக்கூட வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது வருஷ சம்சாரம் இப்படிச் செய்கிறாளே என்று நான் கண்ணீர் விட்டது உண்மை.

அடுத்த கப்பல் வந்தபோது அதிலும் காய்ச்சல்காரர்கள் இருந்ததால் மஞ்சள் கொடியை ஏற்றி வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்குத் தபால் பையைத் தவிர ஆளும் இறங்கக்கூடாது, சரக்கும் இறங்கக்கூடாது. ஹேடோ துறையில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாகிய நான் எண்ண ஒன்றுமில்லாமல் கரையில் நின்று கப்பலையே எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. அக்கா, இந்த ஊரில் வெங்காயம், மிளகாய், உளுந்து, பனியன், ஊசி நூல் எல்லாமே கப்பலில்தான் வரவேண்டும். கண்ணுக்கு எதிரே கப்பல் நிற்கிறது, அதற்குள்ளே வெங்காயம் முளைத்துக்கொண்டிருக்கிறது, கரையில் நாங்கள் வெங்காயமில்லாத சாம்பாரைச் சாப்பிடுகிறோம். ஜனங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அபர்தீன் பஜாரில் ஒரே நாளில் மிளகும் சுக்கும் தீர்ந்தது. மறுநாள் வந்தவர்கள் வெறுங்கையோடு போக மனமில்லாமல் இருந்ததை வாங்கினார்கள். எங்கள் தலைமைக் குமாஸ்தா இராமகிருஷ்ணன் கடையிலிருந்த கற்பூரம் முழுவதையும் வாங்கி, முடிச்சுக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார். அவர் ஃபைலைத் திறந்தால் எல்லோருக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நான் நான்கு சேர் வெந்தயம் வாங்கினேன். ஏன் என்று செல்லம் கேட்டாள். கடைசியாக இருந்தது என்றேன்.

இரண்டாவது காரணம் அலி அக்பர் பாய் கட்டிய கயிறு. அலி அக்பர் கீழக்கரைக்காரர், நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவர் கடையில்தான் சாமான் வாங்குகிறோம். சிறு வயதில் தோணியில் வேலை பார்த்தவர், காற்றை மீறிக் கத்திக் கத்திப் பழகிய குரல். கூட்டம் கடைக்குள் நுழையக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு கயிற்றைக் கட்டினார். வாங்க வருகிறவன் கயிற்றுக்குப் பின்னால் நின்று வேண்டியதைக் கத்தவேண்டும். அவர் கடைக்குள்ளிருந்து, இன்னார் வீடு, இன்ன சாமான், இவ்வளவு என்று திரும்பக் கத்தி உறுதி செய்வார். பிறகு ஒரு நீள மூங்கிலில் கூடையை மாட்டி ரோட்டைத் தாண்டி நீட்டுவார். சீட்டு எழுதிக் கொடுத்தால் தொடமாட்டார், காய்ச்சல் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வருமாம். கொண்டுவந்தவனே படிக்கவேண்டும்.

இதனால் காய்ச்சல் குறைந்ததா என்று தெரியாது, மானம் நிறையப் போயிற்று. மூன்று வேளையும் நெய் இல்லாமல் சோறு இறங்காது என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்த இராமகிருஷ்ணன் வீட்டுக்கு அரை சேர் வனஸ்பதி என்று ஊரே கேட்டது. தலைமுடி கறுப்பாக இருப்பது பரம்பரை என்று பெருமையடித்த கான்ட்ராக்டர் உதயசூரியன், தமக்கு வேண்டிய மையை எப்படிக் கத்துவது என்று தெரியாமல் இரண்டு வாரத்தில் கிழவராகிவிட்டார். சாமான் வாங்கியவர்களும் போவதில்லை, அடுத்தவன் என்ன வாங்குகிறான் என்று கேட்க நின்றுவிடுகிறார்கள். ஷாதிபூரிலிருந்து சிலர் ஸ்டூல் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பெங்காலிகளும் தெலுங்கர்களும்கூடத் அரிசி பருப்பின் தமிழ்ப் பெயர்களைக் கற்றுக்கொண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கக் கட்டிய கயிற்றால் கூடிய கூட்டம் அந்த ரோட்டில் சுதந்திர தினத்துக்குக்கூடக் கூடியதில்லை.

இப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, செல்லம் கொடுத்த சீட்டை முன்கூட்டிப் பார்க்காமல் கயிற்றோரம் நின்று உரக்கப் படித்தேன். துவரம்பருப்பு இரண்டு சேர், புளி ஒரு சேர், தீப்பெட்டி ஆறு, சிலேட்டுக் குச்சி இரண்டு பெட்டி. ஸ்டூல்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சிலேட்டுக் குச்சி எதற்கு? அலி அக்பர் மட்டும் தம் கடமையைச் செய்தார். பாலசுப்பிரமணியம் வீடு, சிலேட்டுக் குச்சி, இரண்டு பெட்டி என்று துறைமுகம் வரைக்கும் கேட்கும்படி கத்தினார். திங்கட்கிழமை ஆபீசில் இராமகிருஷ்ணன் என்னைத் தனியாக அழைத்து, சர்க்கார் ஊழியர் டியூஷன் எடுப்பது விதிகளுக்கு விரோதம் என்று கற்பூர வாசனையோடு எச்சரித்தார். கூலிகள், எனக்கு மெயின்லேண்டில் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பிள்ளை இருப்பதாகவும் அடுத்த கப்பலில் வருவதாகவும் முடிவு கட்டினார்கள்.

செல்லத்திடம் கேட்டேன். வீட்டுக் குறிப்பு எழுதிப் பார்க்க என்றாள். நான் நம்பினேன் அக்கா. நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஹிந்தி பேசுகிறார்களே, அவளும் ரகசியமாக அதை எழுதப் படிக்கக் கற்கிறாள் என்று நானாக நினைத்துப் பூரித்துப்போனேன். வீட்டில் சிலேட்டு இல்லை என்பது நான்காம் நாள்தான் உறைத்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள் அல்லவா, ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சட்டம் போட்ட புதுச் சிலேட்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சமையலறைக்குள் போய் அழுதாள். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் நானும் வெளியே நின்று கொஞ்சம் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமைச் சீட்டிலும் சிலேட்டுக் குச்சி. இந்தத் தடவை அலி அக்பர் உறுதி செய்யாமல் தராசைக் கீழே வைத்தார்.

"தம்பி, ரெண்டு பெட்டி குடுத்து ஏழு நாள்கூட ஆவலே. நம்மகிட்ட ஸ்டாக் கதம். மிச்சம் கப்பல்ல நிக்குது" என்றார்.

அப்போது கடைக்கு மேல்மாடி ஜன்னலில் அவர் சம்சாரம் லத்தீபா நின்றிருந்தார். ஐந்து பெற்றவர். புருஷனுக்கு ஏற்ற குரல்.

"அவுஹ எழுதலே, திங்கிறாஹ. எத்தனை மாசம், தம்பி?" என்றார்.

ஸ்டூலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மசக்கையில் பெண்கள் சாம்பலையும் சுண்ணாம்பையும் சிலேட்டுக் குச்சியையும் தேடித் தின்பார்கள் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். என் வீட்டில் அது நடக்கும் என்பதுதான் தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்தினேன். அதற்குள் அலி அக்பர் வழக்கம் விடாமல், பாலசுப்பிரமணியம் வீடு, பிள்ளை ஒண்ணு என்று கத்தி உறுதி செய்துவிட்டார். கூடையை நான் வாங்கினேனா, அது தானாக என் கூட வந்ததா என்று இன்றுவரை நினைவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். செல்லம் மறுக்கவில்லை. நான்காம் மாதம் நடக்கிறது என்றாள். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"மொத தடவை ரெண்டு மாசத்துல ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டீங்க. துறையில சர்க்கரை குடுத்தீங்க. பத்தே நாள்ல ஒண்ணுமில்லாம போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து துக்கம் கேட்டாங்க. இந்தத் தடவை அஞ்சு மாசம் ஆகட்டும்னு நான் மட்டும் வச்சுக்கிட்டேன்."

காய்ச்சலின்போது கிட்டே வராததற்கும் அதுதான் காரணம். நான் கஞ்சிக்காக அழுத அழுகையை நினைத்து வெட்கப்பட்டேன். யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். மலையாளி வீடு, பெங்காலி வீடு, தெலுங்கு வீடு எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் சிலேட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தருமம் என்று நினைக்கவேண்டாம், பள்ளிக்கூடம் திறந்தாலும் எழுத ஒன்றும் இருக்கக்கூடாது என்ற தூரதிருஷ்டி. லேடி டாக்டர் இந்தக் கண்றாவியைத் தின்னக்கூடாது என்று அதட்டி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். செல்லம் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினாள். வாயைத்தான் திறக்கவில்லை, உள்ளே குச்சி இருந்தது.

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமல் இருப்பது மரியாதையில்லை என்பதால், சத்தியத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பகலில் பத்துத் தடவை ஏதாவது சாக்குச் சொல்லி ஹேடோவிலிருந்து வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன். இந்த நேரத்தில் நீங்கள் ஜாதகத்தோடு வந்து நின்றால் அவள் மனசு என்ன ஆகும்? இரண்டாம் தடவையும் ஏதாவது ஆகிவிட்டால் அவளும் இருக்கமாட்டாள், நானும் உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன். இங்கே காய்ச்சல் இருக்கிறது, வெங்காயம் இல்லை, கயிறு இருக்கிறது, நீங்கள் வாங்குவதை எல்லாம் ஊர் கேட்கும். எதை வைத்துப் பார்த்தாலும் நீங்கள் வராமலிருப்பதே உத்தமம்.

கப்பலிலிருந்து நேற்று மஞ்சள் கொடியை இறக்கிவிட்டார்கள். நாலு மணிக்குத் தபால் பை கட்டுகிறார்கள். அத்தானுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. நீங்கள் நூறு வயசு, இருக்கும் இடத்திலேயே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை முதல் தடவையாக மீறும் தம்பி,
பாலசுப்பிரமணியம்

பின்குறிப்பு: நான் குளிக்கப் போனபோது செல்லம் இதை முழுவதும் படித்துவிட்டாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவாள் என்று தலை துவட்டாமல் நின்றேன். திட்டவில்லை. "அண்ணியை வரச் சொல்லுங்க. நாத்தனார் இல்லாம எனக்கு யாரு காப்புப் போடுறது?" என்றாள். வந்து கும்பகோணத்துப் பேச்சை எடுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். துண்டை வாங்கி என் தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணு வீட்ல நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. காத்துக்கிட்டு இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். கப்பல் ஏறறதுக்கு முன்னாடி அங்க போயி, இல்லேன்னு சொல்லிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். முதலில் கும்பகோணம் போகவும், பிறகு மதராஸ் வந்து கப்பல் ஏறவும். கண்ணாடி வளையல் பச்சையில் இரண்டு டஜன் வேண்டுமாம்.