ரேடியேட்டர் பக்தி

மூட்டு வலின்னா ஒத்துக்குவாங்க. சுகர்னா ஒத்துக்குவாங்க. காது கேக்கலேன்னா கூட, ரெண்டு தடவ கத்தினா ஒத்துக்குவாங்க. தன்னோட காருக்கு வயசாயிடுச்சுன்னு மட்டும் எந்த மனுஷனும் ஒத்துக்க மாட்டான். எங்கப்பா அதுல முதல் ரேங்க். (வீட்ல ரேங்க் வாங்கினது அவர் ஒருத்தர்தான். நான் பி.யு.சி.ய ரெண்டு தடவ எழுதி, ரெண்டு தடவயும் அதே மார்க் வாங்கினவன். அந்த நேர்மைய யாரும் பாராட்டல.)

தொண்ணூறுகள்ல மைசூர்ல எங்க தெருவுலயே நீளமான கார் எங்களோடதுதான். குடகுல ஒரு காப்பித் தோட்டக்காரர் வெச்சிருந்து, சலிச்சுப்போய் வித்தத அப்பா வாங்கினார். ரயில்வே பார்சல் ஆபீஸ்ல காலம் பூரா மரப்பெட்டி மேல உக்காந்தவருக்கு அது சிம்மாசனம். வெல்வெட் சீட்டு, மரத்துல பண்ண டேஷ்போர்டு, ஏசி. ஏசி போட்டா கார் நகராது, கார் நகந்தா ஏசி வராது, அது வேற விஷயம். தேவராஜ மொஹல்லாவுக்குக் காய்கறி வாங்கப் போனா, திருப்ப இடமில்லாம மார்க்கெட்டயே ஒரு சுத்து சுத்தித்தான் வரணும். "ஏனு ஸ்வாமி, மெரவணிகேனா?"ன்னு பூக்காரங்க கேப்பாங்க. ஊர்வலமாம். அப்பா அதையும் மரியாதைன்னு எடுத்துக்கிட்டு கைய ஆட்டுவார்.

அவ்வளவு நீளம் இருந்தும், உள்ள இடம் ஆறு பேருக்குத்தான். அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவங்க வாண்டுங்க ரெண்டு. முடிஞ்சுது. நான் ஏழாவது. கல்யாணமோ கோயிலோ, அவங்க கார்ல போவாங்க, நான் பஸ்ல போவேன். நான் போய்ச் சேர்றப்போ பந்தியில மோர் ஊத்திட்டிருப்பாங்க. பாயசம் என்ன கலர்னே எனக்கு மறந்துபோச்சு.

இதுல கார் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது. கொஞ்ச தூரம் போனா சூடு காட்டற முள்ளு சிவப்புக்கு ஏறும், முன்னாடி புஸ்ஸுனு ஆவி வரும். அப்பாகிட்ட சொன்னா, "கார் சூடாகலடா, ஊர் சூடாயிருக்கு"ன்னுவார். டிசம்பர் மாசம், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சொல்வார்.

ஒருநாள் அம்மா சொல்லிட்டாங்க. "சாக்கு, போதும். இனிமே எல்லாரும் சேந்து போற வண்டின்னா வரேன். இல்லேன்னா நானும் இவனோட பஸ்ல போறேன்."

அப்பா ரெண்டு நாள் பேப்பருக்குப் பின்னாடியே இருந்தார். மூணாவது நாள், "கார்ல ஒரு குறையும் இல்ல, குடும்பம்தான் பெருசாயிடுச்சு"ன்னு ஒரு அறிக்கை விட்டுட்டு, மாத்திக்க சம்மதிச்சார்.

மாத்திக்க ஆள் கொண்டு வந்தது எங்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். ஹனூர் பக்கம் சென்னியப்பன்னு ஒரு மஞ்சள் வியாபாரி. அவர்கிட்ட பத்து பேர் உக்கார்ற பெரிய வண்டி இருந்துச்சு. இப்போ எஸ்யூவின்னு அழகா சொல்றாங்க, அப்போ எங்களுக்கு அது 'பெரிய ஜீப்'தான். வாங்கி அதிக நாள் ஆகல. ஆனா அவர் வீட்டம்மா பாப்பாத்தியக்காவுக்கு அது ஆகவே ஆகல. பையனுக்குப் பொண்ணு பாக்க அந்த ஜீப்புல போய் இறங்கினாங்களாம். பொண்ணு வீட்ல யாரோ, வயல் வேலைக்கு ஆள் வந்திருக்குன்னு நெனச்சு, "பின்பக்கமாப் போங்க"ன்னுட்டாங்களாம். அன்னைலேருந்து அந்தம்மா, மெத்த சீட்டு போட்ட நீளக் கார் வந்தாத்தான் சம்பந்தம் பேசப் போவேன்னு உக்காந்துட்டாங்க.

அவங்களுக்கு மெத்த வேணும், எனக்கு ஒரு சீட்டு வேணும். நான் பண்ண தகிடுதத்தத்துக்கெல்லாம் காரணம் அந்த ஒரு சீட்டுதான்.

அவங்க வர்றதுக்கு முந்தின நாள், அப்பாவுக்குத் தெரியாம மெக்கானிக்கிட்ட கார ஓட்டிட்டுப் போனேன். அவர் பானெட்டத் தொறந்து பாத்தார், துணியில கையத் தொடச்சார். "ரிப்பேரி ஆகல்லா குரு, பேரேனே ஹாக்பேகு"ன்னார். ரேடியேட்டர் பூரா ஓட்டை, வேறதான் போடணும், பெங்களூர்ல தேடினாத்தான் கிடைக்கும். அது வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒருதடவ நிறுத்தித் தண்ணி ஊத்தணும்.

சென்னியப்பன் கேட்டிருந்தது நஞ்சன்கூடு வரைக்கும் ஒரு ரவுண்டு. வழியில மூணு தடவ நிறுத்தணும், அவருக்குச் சந்தேகமும் வரக்கூடாது. அப்போதான் என் மூளை வேலை செஞ்சுது. (அது வேலை செய்ற நாள்லயெல்லாம் வீட்ல எதாவது ஒடையும்.)

அம்மாகிட்ட மட்டும் திட்டத்தச் சொன்னேன். "சாமிய வெச்சுப் பொய் சொல்லாதடா."

"பொய்யே வேணாம்மா. நெஜமாவே கும்பிடத்தானே போறோம்?"

அம்மா உள்ள போய் பித்தளக் குடத்த எடுத்துட்டு வந்து குடுத்தாங்க.

மறுநாள் காலைல கிளம்பினோம். நான் ஓட்டுறேன், பக்கத்துல சென்னியப்பன். பின்னாடி அப்பா, அம்மா, பாப்பாத்தியக்கா. அவங்க ஜீப்ப மாமா ஓட்டிப் பாத்துக்கிட்டே பின்னாடி வர்றார், அக்காவும் வாண்டுங்களும் அதுல. பாப்பாத்தியக்கா வெல்வெட்டத் தடவித் தடவிப் பாத்தாங்க. "நெம்ப மெத்துனு இருக்குதுங்க. பஞ்சு மூட்ட மேல உக்காந்தாப்ல."

ஊர் எல்லை தாண்டினதும் முள்ளு ஏறுச்சு. ரோட்டோரத்துல பிள்ளையார் தெரிஞ்சார். அவர் அன்னைக்கு எனக்குக் காட்சி குடுத்த மாதிரி யாருக்கும் குடுத்திருக்க மாட்டார். நிறுத்திட்டேன்.

"ஏனுங் தம்பி, என்னாச்சு?"

"பிள்ளையாரத் தாண்டி வண்டி போகாதுங்கய்யா. நம்ம வீட்டு வழக்கம்."

அம்மா எல்லாரையும் இறக்கி, பிள்ளையாரச் சுத்த கூட்டிட்டுப் போனாங்க. அப்பா மட்டும் என் பக்கத்துல வந்து நின்னார். அவர் சாமுண்டி மலைக்கே காத்து வாங்கப் போறவர்.

"எப்போலேருந்துடா இது நம்ம வழக்கம்?"

"தாத்தா காலத்துலேருந்துப்பா."

"எங்கப்பா சைக்கிள்ல போனவர்டா."

"சைக்கிளுக்கும் பண்ணியிருப்பார்ப்பா. உங்களுக்கு ஞாபகமில்ல."

அப்பாவ அம்மா கூப்பிட்டுக்கிட்டாங்க. நான் ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு தூபக்கால் நெறைய சாம்பிராணி, எல்லாத்தையும் கொளுத்தி பம்பர் மேல வெச்சேன். ஈரத்துண்டக் கையில சுத்தி மூடியத் தொறந்தேன். ஆவி எழும்பி சாம்பிராணிப் புகையோட கலந்துபோச்சு. எது ஆவி, எது புகைன்னு எனக்கே தெரியல. வாய்க்குள்ள எதையோ முணுமுணுத்துக்கிட்டே குடத்துத் தண்ணிய ஊத்தினேன். (முணுமுணுத்தது பதினாறாம் வாய்ப்பாடு. அது வரைக்கும்தான் எனக்கு மனப்பாடம்.)

திரும்பிப் பாத்தா, பாப்பாத்தியக்கா நிக்கறாங்க. மூடின கண்ணு, கூப்பின கை.

"வண்டிக்கே அபிசேகம் பண்றீங்களா கண்ணு?"

வேற வழியில்ல. "ஆமாங்கக்கா"ன்னேன்.

அடுத்து ஆஞ்சநேயர். அங்க சென்னியப்பனே செருப்பக் கழட்டிட்டு பானெட் முன்னாடி வந்து நின்னார். மூடி என் வெரலச் சுட்டுடுச்சு. நான் உதறினேன், அவர் அத முத்திரைன்னு நெனச்சு அவரும் கைய ஒருதடவ உதறினார். மூணாவது மாரம்மா கோயில். அங்க எங்க வாண்டுங்க ரெண்டும் ஜீப்புலேருந்து இறங்கி ஓடிவந்து, கார மூணு சுத்து சுத்திட்டு, ரேடியேட்டர் தண்ணி கீழ சொட்டினத எடுத்து தீர்த்தம்னு குடிக்கப் போச்சு. அக்கா பாஞ்சு வந்து புடிச்சா. சொட்டுறத சென்னியப்பன் பாக்கல, நல்லவேளை. அவர் கண்ண மூடியிருந்தார்.

நஞ்சன்கூடு வந்து சேந்தோம். சாமி கும்பிட்டு, கோயில் எதிர ரசபாளை வாழப்பழம் வாங்கி எல்லாரும் தின்னுட்டு, கார்கிட்ட வந்து நின்னோம். என் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஜீப்போட ஜன்னல் சீட்ட மனசுக்குள்ள புடிச்சுக்கூட வெச்சுட்டேன்.

சென்னியப்பன் தொண்டையச் செருமினார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வண்டி எங்களுக்கு வேண்டாமுங்க."

அப்பா அவரையே பாத்தார். "ஏங்க, பிடிக்கலையா?"

"பிடிச்சதாலதானுங்க சொல்றேன். எங்கூட்டுல கறி ஆக்குவமுங்க. மஞ்ச மூட்டைய ஏத்துவமுங்க. சாமி மாதிரி வெச்சுக் கும்பிடற வண்டிய நாங்க கொண்டுபோயி, அதுல கோழியத் தூக்கிப் போட்டம்னா, நல்லாருக்குமுங்களா? பாவம் வந்து சேருமுங்க."

பாப்பாத்தியக்காவும் ஆமான்னாங்க. "தெனத்துக்கும் குடத்துல ஊத்தி அபிசேகம் பண்ண நமக்கு ஏதுங்க்கா நேரம்? நாங்க மாதேஸ்வரன் மலைக்கே அமாவாசைக்கு அமாவாசைதான் போறமுங்க."

என் சீட்டு கண்ணு முன்னாடியே காலியாகுது. பக்திய ஏத்தினது நான்தான், நானே இறக்கிடலாம்னு நெனச்சேன்.

"ஐயா, அப்படியொண்ணும் மடி ஆசாரமான வண்டி இல்லீங்க. இதுக்குள்ள ஆம்லெட் தின்னிருக்கோம்."

அம்மாவோட தல மெதுவா என் பக்கம் திரும்புச்சு. எங்க வீட்ல முட்டைங்கற வார்த்தையே மார்க் ஷீட் வந்தாத்தான் கேக்கும்.

"யாருடா தின்னா?"

"நான்தான்மா. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல. ஒரே தடவ."

சென்னியப்பன் அசையல. போதலன்னு நெனச்சு அடுத்தத எடுத்து விட்டேன். "பின்சீட்ல உக்காந்து சிகரெட் புடிச்சிருக்கேன்யா."

அப்பா கண்ணாடியக் கழட்டினார்.

"அப்பா தூங்குறப்போ எடுத்துட்டுப் போய், ஃப்ரெண்ட்ஸ ஏத்திக்கிட்டு மேட்னி ஷோ போயிருக்கேன்."

"அதான் நான் போட்ட பெட்ரோல் எங்க போச்சுன்னு பாத்தேன்"னார் மாமா.

சென்னியப்பன் கண்ணுல தண்ணி நிக்குது. பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "பாத்தியா பாப்பாத்தி? கோயல் வாசல்ல நின்னு, பெத்தவங்க முன்னால, பண்ண தப்ப ஒண்ணொண்ணா ஒப்புக்கறான். நம்ம பையன் ஒரு நாளாச்சும் இப்படி நின்னிருப்பானா? எல்லாம் அந்த வண்டியோட மகிமை."

முடிஞ்சுது. நான் வாயத் தொறந்தா பக்தி ஏறுது, மூடினா சீட்டு போகுது. வீட்ல இருந்த கொஞ்ச மரியாதையும் போச்சு.

அப்பா கண்ணாடிய வேட்டி நுனியில தொடச்சு மாட்டினார். கார்கிட்ட போனார். அவர் கையால பானெட்டத் தொறந்தார். நான் அத முன்ன பின்ன பாத்ததே இல்ல.

"சென்னியப்பன், சித்த இங்க வாங்க."

அவர் போனார். அப்பா விரல வெச்சுக் காட்டினார். "இங்க ஓட்டை. இங்க. இதோ இங்கயும். தண்ணி நிக்கறதில்ல. அதுக்குத்தான் குடம்."

"எனக்கு ரொம்ப நாளா தெரியும்"னார் அப்பா. "வயசாயிடுச்சு. நான்தான் ஒத்துக்கல."

ஒவ்வொரு வார்த்தையா சொன்னார், பல்லு புடுங்கற மாதிரி. எனக்கு அந்த நிமிஷம், நான் பஸ்லயே போயிருக்கலாமோன்னு தோணுச்சு.

சென்னியப்பன் குனிஞ்சு பாத்தார், தொட்டுப் பாத்தார், அந்த ஈர வெரலோட என்னை ஒரு பார்வ பாத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சார்.

"அட, இதுதானுங்களா? ஓட்டைன்னா அடைச்சுக்கலாமுங்க சார். சாமிய எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னுதான் பயந்தேன்."

"அப்போ நான் கும்பிட்டது ரேடியேட்டரயா?"ன்னாங்க பாப்பாத்தியக்கா.

"நானும்தான் கும்பிட்டேன், விடுங்க"ன்னாங்க அம்மா.

ஓட்டைக்குன்னு அவர் கொஞ்சம் பணம் சேத்துக் கேட்டார், அப்பா மறுபேச்சு பேசல. அங்கயே சாவி மாத்திக்கிட்டாங்க. குடத்தையும் குடுத்துட்டோம். எங்கெங்க நிறுத்தணும்னு அப்பாவே பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தார். பாப்பாத்தியக்கா பின்சீட்ல நடுவுல, ரெண்டு கையையும் விரிச்சு வெச்சு ராணி மாதிரி உக்காந்து போனாங்க. கார் திரும்பி மறையற வரைக்கும் அப்பா பாத்துக்கிட்டே நின்னார். மறைஞ்ச அப்புறமும் கொஞ்ச நேரம் நின்னார். அம்மா போய் அவர் முழங்கையத் தொட்டாங்க. "வாங்க. உள்ள நெறைய இடம் இருக்கு."

எனக்கும் சீட்டு கிடைச்சுது. "ஆம்லெட் தின்னவன் பின்னாடி உக்காரட்டும்"னு அம்மா தீர்ப்பு சொன்னதால, கடைசில, பக்கவாட்டுல மடக்குற பலகையில, ஸ்டெப்னிக்குப் பக்கத்துல. அடுத்த கல்யாணத்துக்கு எல்லாரோடயும் சேந்து போய் இறங்கினேன். பாயசம் குடிச்சேன். சேமியா.

ஆனா அன்னைலேருந்து எங்க வீட்ல நான் நிம்மதியா சாமி கும்பிட முடியறதில்ல. கண்ண மூடினா போதும், யாராவது ஒருத்தர், "எங்கடா ஒழுகுது?"ன்னு கேட்டுடுவாங்க. அக்கா கேப்பா, மாமா கேப்பார், வாண்டுங்ககூட கேக்கும். அப்பா மட்டும் கேட்டதில்ல. அந்தக் காரப் பத்தி அவர் பேசறதே இல்ல, மனசு இன்னும் ஆறலன்னுதான் நாங்க நெனச்சிருந்தோம்.

அப்புறம் என் கல்யாணம் வந்துது. முகூர்த்த நேரம், கையில தாலி, நாதஸ்வரம் உச்சத்துல. அந்த ஒரு நொடி நெஜமாவே மனசு நெகிழ்ந்து கண்ண மூடினேன். பின்னாடி நின்ன அப்பா குனிஞ்சு, காதுகிட்ட கேட்டார்.

"எங்கடா ஒழுகுது?"

குரல அடக்கித்தான் கேட்டார், மைக் பக்கத்துல இருந்தது அவருக்குத் தெரியாது. கல்யாண வீடியோவுல அந்த எடத்துல, நான் தாலியப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறேன், பொண்ணு என்னை மொறைக்கறா, புரோகிதர் அண்ணாந்து பந்தலப் பாக்கறார்.