பாண்டீஸ்வரி காதுகுத்தும் கர்ர்ர் கேசட்டும்

“புளியமரத்துல கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் கத்துச்சு. அந்தச் சத்தத்தைக் காதுல வாங்கி, கீழ மேசையில இருந்த என் கம்ப்யூட்டர் பாடம் படிச்சு, பேத்தி பேரை டிவியில எழுதிக் காட்டுச்சு. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

பேயாண்டி இதைச் சொன்னது பழைய இரும்புக்காரரிடம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்கய்யா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டியை ரிவர்ஸ் எடுக்கணும்.”

இரும்புக்காரர் பரவாயில்லை. பசுமலையில் பால் ஊற்றுபவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார். லோன் வேண்டுமா என்று போன் செய்த ஒரு பெண், முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “உங்களுக்கு வேணாம் சார்” என்று தானே வைத்துவிட்டாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்கப் போவார்கள். மாலையில் கோயிலுக்குப் போவார்கள். பேயாண்டி குப்பைக்குப் போகவிருந்த பழைய கம்ப்யூட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எண்பதுகளில் பிறந்த கம்ப்யூட்டர்கள். செத்ததைப் பிழைக்க வைப்பார். பிழைத்ததைப் பிரித்துப் போட்டு மறுபடியும் சாகடிப்பார். பழுப்பேறிய கீபோர்டை வெளுக்க வைக்க, பியூட்டி பார்லரில் தலைக்குப் பூசும் கிரீமை வாங்கித் தடவி, மொட்டை மாடி வெயிலில் கூழ்வற்றலுக்குப் பக்கத்தில் காயப் போடுவார். ஒருநாள் வற்றலோடு சேர்ந்து ஒரு பட்டனும் எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விட்டது. அது பொரியவில்லை. அன்று முதல் அந்தக் கம்ப்யூட்டரில் ‘எக்ஸ்’ எழுத்து கிடையாது.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் கம்ப்யூட்டர், பீரோவுக்கு மேல் கம்ப்யூட்டர். அரிசி அளக்கப் போன மனைவி சின்னத்தாய் டிரம்மைத் திறந்தால் உள்ளே ஒரு மானிட்டர் அவளையே பார்த்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு கட்டினாள்.

“பேத்தி காதுகுத்துக்கு அம்புட்டுச் சனமும் வரும். உங்க பெட்டியில ஒண்ணாச்சும் உருப்படியா ஓடி, சபையில பிள்ளை பேரைக் காட்டட்டும். காட்டுச்சுன்னா நான் வாயைத் திறக்கல. காட்டலைன்னா, மறுவாரமே எல்லாம் இரும்புக்கடைக்கு.”

“காட்டும்டி! டிவியில பெருசா, பாண்டீஸ்வரின்னு காட்டும்!”

“பார்ப்போம் பார்ப்போம்” என்று சிரித்தது வெள்ளைத்துரை. மருமகள் மீனாவின் அண்ணன். பாண்டீஸ்வரிக்குத் தாய்மாமன். அவனுடைய மீசைக்கு மட்டும் தனி ரேஷன் கார்டு கொடுக்கலாம். “மாமா, உங்க பெட்டி ஓடுச்சுன்னா, என் கிடா எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கும்.”

அந்தக் கிடாதான் தாய்மாமன் சீரிலேயே பெரிய சீர். குட்டியிலிருந்து அவனே வளர்த்தது. வெட்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்த நிலையிலும், தன் கையால் அதற்கு குளுக்கோஸ் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தான்.

“ஆட்டுக்கு எதுக்கு மாப்ள பிஸ்கட்டு?”

“கறி பஞ்சு மாதிரி இருக்கும் மாமா” என்று மீசையை முறுக்கினான் வெள்ளைத்துரை.

காதுகுத்து, கொட்டாம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில். பேயாண்டி காலையிலேயே பந்தலில் மேசை போட்டார். மேசைமேல் பழைய பெட்டி டிவி, அதன் முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்தில் டேப் ரிக்கார்டர். அவருக்கு முதுகுப் பக்கம் புளியமரம்; மரத்தடியில் கிடா; மரத்து மேலே மைக் செட்காரர் சங்கிலி கட்டிவிட்ட கூம்பு ஸ்பீக்கர்கள்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் வருவது கேசட்டில். போட்டுக் கேட்டால் பாட்டு வராது. கர்ர்ர், கீய்ய்ய் என்று இரைச்சல் வரும். மனுசருக்கு அது காதுவலி. கம்ப்யூட்டருக்கு அதுதான் பாடம். டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு வயர் வழியாக அந்த இரைச்சல் உள்ளே போனால், அது படித்துக்கொண்டு சொன்னதைச் செய்யும். பேத்தி பேரை எழுதும் புரோகிராமைப் பேயாண்டியே தயாரித்து ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்.

பிளே பட்டனை அழுத்தினார். கேசட் சுற்றவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் வெல்லப்பாகாக உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

“என்ன மாமா, பெட்டி தூங்குதா?” என்றான் வெள்ளைத்துரை.

“கண்ணு முழிக்கப் போகுது, இரு மாப்ள.”

பூக்காரப் பெண்ணிடம் ஒரு ரப்பர் பேண்ட் வாங்கி மாட்டினார். கேசட் சுற்றியது, வயிறு முட்டச் சாப்பிட்ட ஆள் மாடிப்படி ஏறுவதுபோல. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பேயாண்டி ரப்பர் பேண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அது அறுந்து பறந்து, பந்தலைத் தாண்டி, விபூதி கொடுத்துக்கொண்டிருந்த பூசாரியின் நெற்றியில் சடாரென்று அடித்தது. சாமி வந்துவிட்டதென்று நாலு பெண்கள் குலவையிட்டார்கள்.

“போதும், எடுத்து உள்ள வைங்க” என்றாள் சின்னத்தாய்.

“ஒரே நிமிசம்டி!” பேயாண்டி மைக் செட்காரரிடம் ஓடினார். “சங்கிலி, உங்கிட்ட கேசட் போடுற பெட்டி இருக்கா?”

“பழைய பாட்டு கேக்குற பெருசுகளுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்ணே.”

“அதுல இருந்து என் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் குடு.”

வயர் பொருந்தவில்லை. பேயாண்டி யோசித்தார். அந்த யோசனை வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஊரே கறி சாப்பிட்டிருக்கும்.

“சங்கிலி, என் டேப் ரிக்கார்டர் சுத்தலைன்னாலும் அதுல இருக்கிற குட்டி மைக்கு வேலை செய்யுது. ரிக்கார்டு பட்டனை அமுக்கி வச்சேன்னா, காதுல விழுற சத்தத்தை வயர் வழியா கம்ப்யூட்டருக்குத் தள்ளிரும். நீ கேசட்டை உன் பெட்டியில போட்டு, இந்தா இருக்கே சின்ன ஸ்பீக்கர், அதுல மட்டும் மெதுவா வையி.”

“மெதுவாவா?” சங்கிலியின் முகம் மாறியது. அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. “சரிண்ணே, நீங்க அங்க போயி நில்லுங்க. பார்த்துக்கிறேன்.”

பேயாண்டி மேசைக்கு ஓடி வந்து, பட்டன்களை அமுக்கி, டிவியை முறைத்துக்கொண்டு நின்றார். கையை உயர்த்தினார். சங்கிலி கேசட்டைத் தட்டினார். சின்ன ஸ்பீக்கரின் பட்டன் எதுவென்று அவருக்கு மறந்து போயிருந்தது. அதனால் எல்லாவற்றையும் தட்டினார்.

கீய்ய்ய்ய்ய்ய்ய்! கர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

அத்தனை கூம்பும் ஒன்றாக வாயைத் திறந்தன. அழகர்மலைக் குரங்குகள் காதைப் பொத்தியதாகப் பின்னால் செய்தி வந்தது. மேலூர் வரைக்கும் எந்தக் கிளையிலும் காக்காய் இல்லை. நாலு வழிச்சாலையில் போன லாரிகள், ஆம்புலன்ஸ் வருகிறதென்று ஓரம் கட்டி நின்றன. பாதி மொட்டை அடித்திருந்த பாண்டீஸ்வரி, அழுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். பூசாரி அரிவாளைக் கீழே போட்டார். இந்த முறை நிஜமாகவே நாலு பேருக்குச் சாமி வந்தது.

பந்தல் காலியானது. அவரவர் கைக்குக் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது தம் பிள்ளைதானா என்று பிறகுதான் பார்த்தார்கள்.

“ஆடு! ஆடு ஓடுது!” என்று யாரோ கத்தினார்கள். ஓடிய கூட்டமெல்லாம் கண்மாய்ப் பக்கம் திரும்பியது.

பேயாண்டி மட்டும் அசையவில்லை. காதில் கோயில் மணி அடித்தாலும், கண் டிவியில். ஏனென்றால் டிவியில் கோடுகள் ஓடத் தொடங்கியிருந்தன. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தது! தலைக்கு மேல் கூம்பு கத்த, கீழே குட்டி மைக் கேட்க, வயர் வழியே பாடம் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது. திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு, இங்கிலீஷ் எழுத்தில், கீழிருந்து மேல் வரை வரிசை வரிசையாக வந்தது:

பாண்டீஸ்வரி. பாண்டீஸ்வரி. பாண்டீஸ்வரி.

“வந்துருச்சு! ஏய் சின்னத்தாயி! வந்து பாருடி!”

அவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. பயத்தில் எங்கோ ஓடியிருந்த சங்கிலி அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்து, “ஐயோ, செட்டு வெடிச்சிரும்!” என்று ஜெனரேட்டரை அணைத்தார். திரை செத்தது. பேயாண்டி அலறியதைக் கேட்டு, அவசரமாக மறுபடியும் ஜெனரேட்டரைப் போட்டார். கம்ப்யூட்டருக்குள் ‘டப்’ என்றது. புகை வந்தது. கேசட்டையாவது காப்பாற்றலாமென்று ஓடினால், சங்கிலியின் பெட்டி அதன் நாடாவை இடியாப்பமாக்கித் துப்பியிருந்தது.

எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ஆடு போனது போனதுதான். “சாமி இந்தக் கிடாயை வேணாம்னுருச்சு” என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். காது குத்தினார்கள். பந்தியில் கறி கிடையாது. கத்திரிக்காய்ச் சாம்பார். சொந்தக்காரர்கள் இலையைப் பார்த்தார்கள். பிறகு பேயாண்டியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவர் பாதி வெந்துவிட்டார்.

“டிவியில பேரு வந்துச்சு...” என்றார்.

“பேரா?” வெள்ளைத்துரை இலையை விட்டு எழுந்தான். “எல்லாருக்கும் முன்னால முதல் ஆளா ஆட்டை விரட்டிக்கிட்டு ஓடுனவன் நான். கண்மாய் முழுக்கச் சுத்தி வாரேன், இவரு இங்க நின்னு கதை கட்டுறாரு! உங்க பெட்டி போட்ட சத்தத்துல என் ஆடு அத்துக்கிட்டு ஓடுனதுதான் மிச்சம்.”

ஊரே அவன் பக்கம். பேயாண்டி பக்கம் புகை நாறும் ஒரு கம்ப்யூட்டர் மட்டும்.

மறுவாரம், சொன்ன சொல் மாறாமல், சின்னத்தாய் இரும்புக்காரரை வரவழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்திருந்த வெள்ளைத்துரையும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் எட்டிப் பார்த்தது.

“ஆடுதான் போயிருச்சே, பிஸ்கட்டு யாருக்கு மாப்ள?” என்றாள் சின்னத்தாய்.

“எனக்குத்தான் அத்தே. டீக்கு.”

கட்டிலுக்கு அடியில் இருந்தவை வண்டி ஏறின. பீரோவுக்கு மேல் இருந்தவை ஏறின. கடைசியாகப் புகை நாறும் அந்தக் கம்ப்யூட்டரைப் பேயாண்டி துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கொடுக்க மனமில்லாமல் நின்றார்.

“இந்த ஒண்ணை மட்டும் விட்டுருடி. அது நெசமாவே படிச்சுச்சுடி.”

சின்னத்தாய்க்கும் அவர் முகத்தைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

“சரி. அம்புட்டுச் சனத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ‘நானும் பார்த்தேன்’னு சொல்லட்டும். அம்புட்டையும் இறக்கி நானே திரும்ப அடுக்குறேன்.”

பேயாண்டி தெருவைப் பார்த்தார். பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வெள்ளைத்துரை வேறு பக்கம் பார்த்து மீசையைத் தடவினான்.

இரும்புக்காரர் துண்டோடு வாங்கிக்கொண்டார்.

“இதைக் கொண்டுபோயி என்ன செய்வீக?” என்றார் பேயாண்டி, சின்னக் குரலில்.

“சுத்தியல்ல ஒரே போடுங்கய்யா. உள்ள இருக்கிற செம்பு தனியா வந்துரும். சட்டுனு முடிஞ்சிரும்.”

வெள்ளைத்துரை மீசையிலிருந்து கையை எடுத்தான்.

“வண்டியில ஆடுது, கட்ட ஒரு கயிறு குடுங்கம்மா” என்றார் இரும்புக்காரர்.

“கிடா கட்டியிருந்த கயிறு இருக்கு. நல்லா நீளமா இருக்கும்.” சின்னத்தாய் உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினாள். எங்கும் அறுபடாத முழுக் கயிறு. இரும்புக்காரர் அதைக் கம்ப்யூட்டரின் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு இழுத்து, முடிச்சுப் போட்டார்.

“ஏய், அதை விடு!” என்றான் வெள்ளைத்துரை.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் வண்டியில் தாவி ஏறி, அந்த முடிச்சை அவிழ்த்தான். பழகிய கை. கண் மூடித் திறப்பதற்குள் கயிறு கழன்றது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் பேயாண்டியின் கையில் வைத்தான். மீசை இரண்டு பக்கமும் தொங்கிப் போயிருந்தது.

“என்ன மாப்ள?” என்றாள் சின்னத்தாய். “நீதானே பேரு வரலைன்னு ஊரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?”

“டிவியில பேரு வந்துச்சு அத்தே” என்றான் வெள்ளைத்துரை, தரையைப் பார்த்துக்கொண்டு. “அம்புட்டுப் பேரும் ஓடிட்டாக, இதுதான் நேரம்னு நான் ஆட்டுக்கயித்தை அவுத்துவிட்டு மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பார்க்குறேன், மாமா தோளுக்கு அங்கிட்டு பாண்டீஸ்வரி பாண்டீஸ்வரின்னு பளிச்சுனு நிக்குது.”