வாடகை வாங்காத உரிமையாளர்

வாடகை வாங்காமலே வாடகை ரசீது கொடுக்கும் உத்தமமான வீட்டு உரிமையாளர்கள் பாரத தேசத்திலேயே எங்கள் ஓசூர் தொழிற்சாலையைச் சுற்றித்தான் அதிகம். அவர்களில் தலைசிறந்தவர் என் மனைவி கெம்பம்மா.

வாடகை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஆகவே மார்ச் மாதம் வந்தால் எங்கள் சூப்பர்வைசர்கள் அனைவரும் வாடகைக்குக் குடிபோய்விடுவார்கள். மாமியார், மைத்துனி, பேரிகை கிராமத்தில் இருக்கும் சித்தப்பா என்று உரிமையாளர்கள் முளைப்பார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. நாங்கள் இருந்த ஓட்டு வீடு, மாமனார் கெம்பம்மா பெயரில் எழுதிவைத்தது. நான் அதில் 'குடியிருப்பவர்'.

கணக்குப் பிரிவு திம்மராயன் தொலைநோக்குள்ளவர். வருஷ ஆரம்பத்திலேயே பன்னிரண்டு ரசீதிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், மாதாமாதம் போட்டதுபோல் தெரிய மூன்று நான்கு பேனாக்களை மாற்றிப் போடவேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

1991 ஏப்ரலில் ஒரு மழை நாள். அடுப்புக்கு மேலே உடைந்த ஓடு வழியாகத் தண்ணீர் சொட்டியது. கெம்பம்மா அதன் கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டு, ரசீதுகளில் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் மூன்று மை நிறங்களில் அடுத்த மார்ச் வரைக்கும் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த ஓடு ஒண்ணையாவது மாத்தலாமில்ல?" என்றாள்.

"ரிப்பேர் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு" என்றேன்.

"அப்ப குடியிருக்கிறவரு ஒரு மாச வாடகை குடுங்க. நானே மாத்திக்கிறேன்."

இதைத் தொழிற்சாலை கேன்டீனில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

ஆகஸ்ட்டில் மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் வரிக்கணக்கு அனுப்பும்போது பன்னிரண்டு ரசீதுகளையும் வரிசையாக அடுக்கினேன். சிகிச்சைச் செலவுக்கும் ஏதாவது சலுகை கிடைக்குமோ என்ற நல்லெண்ணத்தில், ஆஸ்பத்திரி பில்லையும் இறப்புச் சான்றிதழையும் அதே கவரில் வைத்தேன். காகித விஷயத்தில் என் ஒழுங்கு அப்படி.

வருமான வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது; போனேன். அதிகாரி ரசீதுகளை ஒரு கையிலும் சான்றிதழை மறு கையிலும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆகஸ்ட்ல இறந்தவங்க மார்ச் வரைக்கும் எப்படிங்க வாடகை வாங்கினாங்க?"

"உயிரோட இருந்தப்பவும் வாங்கலீங்க சார்."

அவர் நல்ல மனிதர். கையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்தார். பிறகு, ஆகஸ்ட் வரை வாடகை கொடுத்ததாக எழுதித் தந்தால் போதும், மீதி மாதங்களுக்கு மட்டும் வரியும் வட்டியும் கட்டிவிடலாம் என்று வழி சொன்னார். இல்லையென்றால் முந்தைய வருஷங்களையும் கிளற வேண்டிவரும், அபராதமும் உண்டு.

பேனாவைத் திறந்தேன். 'என் மனைவிக்கு மாதாமாதம்' என்பது வரை எழுதினேன். அதை அடித்துவிட்டு, 'ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை, எந்த வருஷமும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உங்களை மாதிரி நேர்மையா எழுதிக் குடுக்கிறவங்க அபூர்வம்" என்றார் அதிகாரி. திம்மராயன், எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்.

ஐந்து வருஷத்துக்கான வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் தவணை முறையில் அரசாங்கத்துக்குக் கட்டி முடித்தேன். நான் ஏமாற்றியவர்களில் பணம் திரும்பப் பெற்றது அரசாங்கம் மட்டும்தான்.

வீடு இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது. சட்டப்படி உரிமையாளர் நானே. அடுப்புக்கு மேலே அந்த ஓடு இன்னும் ஒழுகுகிறது.