நாற்பத்தொரு சதவீதம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கண்காணிப்புத் திரை உண்டு. கம்ப்யூட்டரின் சூடு, வேலைப்பளு, கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எல்லாம் காட்டும். நல்லபடியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பதினோரு வருஷமாகப் பச்சைதான். அந்தப் பச்சைக்காக இயக்குநர் இரண்டு பாராட்டுச் சான்றிதழ் வேறு வாங்கியிருக்கிறார்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில் இப்போது எங்கே பார்த்தாலும் லினக்ஸ். பழைய யூனிக்ஸைத் தூக்கிவிட்டு அதைப் போடும்படி மேலிடத்து உத்தரவு. திரையை ஓட்டும் நிரலை அங்கிருந்து இங்கே கொண்டுவரும் திருப்பணி என் தலையில் விழுந்தது. ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஊழியை நான்.

"முடிச்சுக் குடும்மா, நிரந்தரம் பண்ணிடறேன்," என்றார் இயக்குநர். இதே வாயால் மூன்று தடவை சொன்னவர்தான். பாழும் மனசு கேட்குதா?

யூனிக்ஸும் லினக்ஸும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. முகம் ஒன்று, ஆனால் சாமான்களை வேறு வேறு அலமாரியில் வைப்பார்கள். மூன்று வாரம் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் பிடித்து நிரலை ஓட்டினேன். திரை சிவப்பாக வந்தது. புதுத் திரையைச் சரிபார்க்க இயக்குநர் தலைமையில் கமிட்டி கூடியது.

"பழசுல டிஸ்க் நாற்பத்தொரு சதவீதம். உன்னோடதுல தொண்ணூத்தொம்போது. என்னம்மா இது?" என்றார் ஓர் உறுப்பினர்.

"ரெண்டும் ஒரே டிஸ்க்கைத்தான் பாக்குது சார். தொண்ணூத்தொம்போதுதான் நிஜம். பழைய நிரலும் இன்னொரு சிஸ்டத்துலேர்ந்து வந்ததுதான். கொண்டுவந்த புண்ணியவானுக்கு டிஸ்க் கணக்கு எங்கே இருக்குன்னு தெரியல. 'இப்போதைக்கு'ன்னு குறிப்புப் போட்டு, நாற்பத்தொண்ணைக் கையால எழுதிட்டுப் போயிட்டார்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அது உண்மையா பொய்யான்னு தீர்மானிக்க இந்தக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லை. பழைய திரையும் புதுத் திரையும் இம்மி பிசகாம ஒத்துப்போகணும். அவ்வளவுதான் விதி."

"டிஸ்க் நிரம்பிட்டா எதுவும் பதிவாகாது சார். புதுசா ஒண்ணு வாங்கினா..."

"பாதிகூட நிரம்பலைன்னு மாசாமாசம் அறிக்கை அனுப்பறோம். எதைச் சொல்லி வாங்கறது?"

வீட்டுக்காரர் அதைவிட மேல். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? கேட்ட நம்பரைப் போட்டுட்டு ஆர்டரை வாங்கிட்டு வா."

போட்டேன். முன்னவர் எழுதிய 'இப்போதைக்கு' என்ற குறிப்பை மட்டும் அழித்தேன். திரை பச்சையானது, கமிட்டி கைதட்டியது. "டிஸ்க் நாற்பத்தொரு சதவீதமே நிரம்பியுள்ளது, போதிய இடம் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே என் நிரந்தர நியமன உத்தரவைச் சிஸ்டத்தில் ஏற்றினார்கள். காகிதம் இல்லாத நவீன அலுவலகம் நாங்கள், கையெழுத்துச் சான்றிதழ் தவிர எல்லாம் டிஸ்க்கில்தான்.

மறுமாதம் பணியாளர் பிரிவுக்குப் போனேன். எழுத்தர் தட்டித் தட்டிப் பார்த்தார். "உங்க பேர்ல ஃபைல் இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்லை."

"ஐயோ, டிஸ்க் நிரம்பியிருக்கும் சார்! அதான் பதிவாகலை!"

"அன்னிக்கு நாற்பத்தொரு சதவீதம்தானே?" என் சான்றிதழையே எடுத்து நீட்டினார். "இவ்வளவு இடம் இருந்தும் உத்தரவு இல்லைன்னா, உத்தரவே போடலைன்னுதானே அர்த்தம்?"

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பினால் இயக்குநர், தன் பதவி உயர்வு உத்தரவைத் தேடி வந்தவர். அவர் ஃபைலும் காலி.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அந்தத் தொண்ணூத்தொம்போதைத் திரும்பக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம் சார். ஆனா பழைய திரையோட ஒத்துப்போகாதே," என்றேன்.