ஞாயிற்றுக்கிழமை தட்டுவதில்லை

காலை ஆறு மணிக்குச் சுவரில் தட்டு விழும். அவன் எழுவான். கெட்டிலை அடுப்பில் வைப்பான். ரேடியோவைத் திருகுவான். மழை வரலாம், வராமலும் போகலாம் என்று ஒரு பெண் வானிலை சொல்வாள். கெட்டில் விசிலடிக்கும். விசில் ஓய்வதற்குள் தட்டு நின்றுபோயிருக்கும். தேநீரோடு ஜன்னலில் நின்று, எதிர்க் கட்டடத்தில் யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பான். பிறகு முகச்சவரம். ஒரு சட்டைக்கு இஸ்திரி. ஷூவுக்கு பாலிஷ். இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பான். அதில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இந்த வரிசையில் அவனுடைய ஏற்பாடு இல்லாதது முதல் விஷயம் மட்டும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரியம்மா இருந்தாள். பேக்கரியில் வேலை. பெரிய உடம்பு, பெரிய கை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, தட்டுவதற்கு ஒரு சுவர் இருந்தது.

அவன் மனைவி இறந்தபின் அக்கா வந்து தங்கியிருந்தாள். ஃபிரிட்ஜைத் துடைத்தாள், அழுதாள், அவனைச் சாப்பிட வைத்தாள், ஊருக்குப் போனாள். அக்கா போன மறுநாள் தட்டு ஆரம்பித்தது. அவன் போன் செய்தான்.

"பக்கத்து வீட்டம்மா சுவத்தைத் தட்டறாங்கக்கா."

"அந்தம்மாவா? நான் கிளம்பறதுக்கு முன்னாடி என்னை நிறுத்தி, 'நாளைக்கா போறே? இனிமே தம்பி தனியாத்தானே?'ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சுடா."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"அக்கறையா கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

"நீ எல்லாரையும் அப்படித்தான் நெனப்ப."

"சரி, கதவைப் பூட்டிட்டுப் படு. பேசாம அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடேன்."

அந்த வீட்டில் மனைவி வாங்கிய கெட்டில் இருந்தது. அவள் அடித்த ஆணிகள், கொஞ்சம் கோணலாக, இருந்தன. காலி செய்யும் எண்ணமே அவனுக்கு இல்லை.

சந்தேகப்படுவதற்காக அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் மனுக்களைப் பிடிக்கும் பிரிவு. முழுதாக எரிந்த கடையில் நாற்காலி மட்டும் எரியாமல் இருந்தால் அவனுக்குத்தான் அனுப்புவார்கள். அலுவலகத்தில் அவன் பெயர் மோப்பம்.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கும் அவனிடம் மனுக்கள் வந்திருந்தன. 'அண்ணி, அவரைப் பார்த்துக்குங்க' என்று தன்னிடம் சொன்னதாக அக்கா சொன்னாள். 'அண்ணா, ஸ்கூட்டரை நீ வச்சுக்கோ' என்று சொன்னதாக மச்சான் சொன்னான். இரண்டும் ஆய்வில் நிற்கவில்லை. அக்கா அன்று ஊரிலேயே இல்லை. மச்சான் வந்து சேர்ந்தபோது அவள் வாய்க்கு மேல் ஆக்சிஜன் முகமூடி இருந்தது. ஸ்கூட்டரை மட்டும் கொடுத்துவிட்டான்.

அவனும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியபோது அவன் உள்ளே ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தான். ஃபைல் அவன் கக்கத்தில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்து வெளியே ஓடி வந்தால், லிஃப்டை மறித்துக்கொண்டு பேக்கரியம்மா நின்றாள். அந்த முதுகைச் சுற்றி வருவதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. படியில் ஓடினான். அதற்குப் பிறகு முகமூடி. அந்த முதுகை அவன் மறக்கவில்லை.

"நோக்கம் என்னடா?" என்றான் அடுத்த மேஜைக்காரன். இதே பிரிவு. இதே வியாதி.

"தெரியல. லிஃப்டுல பாத்தா மேலேருந்து கீழ வரைக்கும் பாக்கறாங்க. 'என்ன தம்பி, எழுந்தாச்சா?'ன்னு ஒரு சிரிப்பு."

"சிரிப்பு வேறயா? திமிருதான். உன் வீட்டுலேருந்து என்ன சத்தம் போகுது?"

"கெட்டில் விசிலடிக்கும்."

"முடிஞ்சுது. யாரு காலங்காத்தால ரயில் ஸ்டேஷன்ல எழுந்திருப்பா? நிறுத்து அதை."

மறுநாள் அவன் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தான். விசில் இல்லை. ஆனால் தட்டு நிற்கவில்லை. அவன் தேநீர் குடித்து முடிக்கும் வரை தட்டினாள்.

"அப்ப ரேடியோ" என்றான் அடுத்த மேஜைக்காரன்.

ரேடியோவை நிறுத்தினான். மழை வருமா என்று தெரியாமல் குடையோடும் குடையில்லாமலும் மாறி மாறிப் போனான். தட்டு இன்னும் நீண்டது. இப்போது சவரம் வரை வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் நடந்தான். இஸ்திரிப் பெட்டியைச் சத்தம் வராமல் துணி மேல் வைத்து எடுத்தான். ஷூ பாலிஷைப் பேருந்து நிறுத்தத்தில் போட்டுக்கொண்டான். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடினான். அவன் அடங்க அடங்க, அந்தப் பக்கம் ஆட்டம் ஏறியது.

ஒன்று மட்டும் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை தட்டு விழவில்லை.

பேக்கரிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. காவலாளியிடம் பக்குவமாக விசாரித்தான். அன்றும் அந்தம்மா வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தாள். அன்று அவன் எழுந்தது மத்தியானம். எழுந்ததிலிருந்து இதையே யோசித்தான்.

"ஒருவேளை மனசாட்சி உறுத்துதோ?" என்றான்.

"வாரத்துல ஒரு நாள் மட்டுமா? அந்தம்மாவும் மனுஷிதான்டா, அதுக்கும் லீவு வேணாமா?" என்றான் அடுத்த மேஜைக்காரன். "கட்டிலை எங்க போட்டிருக்க?"

"அந்தச் சுவத்தை ஒட்டித்தான்."

"உன் குறட்டையா இருக்கும். கட்டிலை ஹாலுக்கு மாத்து."

மாற்றினான். கட்டில் கதவில் மாட்டிக்கொண்டதில் ஒரு கால் போனது. அந்த மூலைக்கு அலுவலகச் சட்டப் புத்தகத்தை முட்டுக்கொடுத்துப் படுத்தான். விடிந்தபோது சத்தம் கை மாறியிருந்தது. அதுவரை வெறுங்கை. இப்போது மரம். சுவர் அதிர்ந்து, மனைவி அடித்த கோணல் ஆணி ஒன்றிலிருந்து நாள்காட்டி கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் ஓனர் வந்தார். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், மொத்தக் கட்டடமும் அவருடையது.

"சார், உங்களுக்குக் கீழ் வீட்டு டாக்சிக்காரரு ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து அப்பத்தான் கண்ணை மூடறாராம். நீங்க சுவத்துல ஆணி அடிக்கறீங்களாமே?"

"நான் அடிக்கல சார். என்னைத்தான் அடிக்கறாங்க."

"உங்களை யாரு அடிக்கறா?"

"பக்கத்து வீட்டம்மா. சுவத்துல."

ஓனர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"தனியா இருக்கீங்க. புரியுது. ஆனா அந்தம்மா பத்து வருஷமா இருக்கு, ஒரு புகார் வந்ததில்ல. இன்னொரு தடவை சத்தம்னு வந்தா, மாசக் கடைசில காலி பண்ணிடுங்க."

அவனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. அந்தம்மாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது. இல்லாவிட்டால் கட்டிலையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

"ஆதாரம் வேணும்" என்றான் அடுத்த மேஜைக்காரன். "போன்ல பதிவு பண்ணு."

படுக்குமுன் போனைப் பதிவில் போட்டுச் சுவரோரம் வைத்தான். அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

விழித்தபோது இடி இடித்துக்கொண்டிருந்தது. அன்று அவனுக்குப் பொறுமை இல்லை. கெட்டில் போயிற்று, ரேடியோ போயிற்று, கட்டில் கால் போயிற்று, இனி வீடு. கைக்குக் கிடைத்த ஷூவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடி, சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

சட்டென்று அமைதி.

ஒரு அறை. அவ்வளவுதான். இத்தனை நாள் பயந்து வெறுங்காலில் நடந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. சுவரில் ஷூவின் கறுப்பு அச்சு பதக்கம் மாதிரி பதிந்திருந்தது.

அழைப்பு மணி அடித்தது. ஓனர் நின்றார். பின்னால் கன்னத்தில் தலையணை மடிப்போடு டாக்சிக்காரர்.

"கையில என்ன சார்?"

"ஷூ. பாலிஷ் போடறேன்."

"சுவத்துலயா?" என்றார் டாக்சிக்காரர், உள்ளே எட்டிப் பார்த்து.

"ஒரு நிமிஷம் இருங்க. ஆதாரம் இருக்கு."

போனை எடுத்து ஓடவிட்டான். மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். முதலில் குறட்டை. பிறகு போனின் அலாரம், வெகுநேரம். அதற்கு மேல் அதே குறட்டை, தாளம் தப்பாமல். பிறகு தட்டு. குறட்டை. பலமான தட்டு. குறட்டை. மரத்தால் அடி. குறட்டை ஒரு கணம் நின்று, யோசித்து, தொடர்ந்தது.

"இந்தக் குறட்டை யாருது?" என்றார் ஓனர்.

"அதை விடுங்க. தட்டு கேக்குதா?"

"அதுக்கு முன்னாடி அலாரம் கேட்டுதே சார். நீங்க எழுந்திருக்கவே இல்லையே?"

"தட்டு கேக்குதா இல்லையா?"

"கேக்குது" என்று ஒத்துக்கொண்டார் டாக்சிக்காரர். "வாங்க, அந்தம்மாவையே கேட்டுடலாம். இன்னிக்கு நான் தூங்கின மாதிரிதான்."

பேக்கரியம்மா தோளில் பையோடு கதவைத் திறந்தாள். கையில் நீளமான மரக்கரண்டி, பிடியில் விரிசல். அவன் அதை ஓனருக்குக் கண்ணால் காட்டினான்.

"ஏம்மா, சுவத்தைத் தட்டறது நீங்களா?" என்றார் ஓனர்.

"நான்தான். பின்ன யாரு?"

அவன் தடுமாறினான். அவனுடைய சர்வீஸில் முதல் கேள்விக்கே யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

"எதுக்கும்மா?"

"எதுக்கா? இவரு எழுந்திருக்க மாட்டேங்கறாரே! மொதல்ல எல்லாம் நாலு தட்டு தட்டுவேன், கெட்டில் கத்தும், சரி, தம்பி எழுந்தாச்சுன்னு கிளம்பிடுவேன். திடீர்னு ஒரு நாள் கெட்டில் இல்ல. ரேடியோவாவது பாடும்னு பாத்தா அதுவும் இல்ல. செருப்புச் சத்தங்கூட இல்ல. ஆளு தூங்கறாரா, ஏதாவது ஆயிடுச்சான்னு நான் என்னத்தைக் கண்டேன்? கை வீங்கிப்போய்த்தான் கரண்டியை எடுத்தேன். தினமும் லேட்டு, முதலாளி என்னைப் புடிச்சுக் கத்தறான். இன்னிக்குத்தான் பெருசா ஒரு சத்தம் கேட்டுது. அப்பாடான்னு இருந்துச்சு."

அவன் ஷூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என்னை எழுப்பச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரிதான். அன்னிக்கு லிஃப்டுல ஏத்தினப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அவரு அலாரத்துக்கெல்லாம் எழுந்திருக்க மாட்டாருக்கா. நான்தான் எழுப்பறேன்னே அவருக்குத் தெரியாது. நான் வர்ற வரைக்கும், அவரு தனியா இருந்தா, கெட்டில் சத்தம் கேக்கற வரைக்கும் சுவத்தைத் தட்டுங்க'ன்னா. சரிம்மா, நீ போயிட்டு வான்னேன்."

"அவ்வளவுதானா?"

"கதவு மூடப் போச்சு. கையை நீட்டித் தடுத்துட்டா. அந்த நெலமையில! ஏதோ பெருசா சொல்லப் போறான்னு நானும் குனிஞ்சேன்."

"என்ன சொன்னா?"

"'ஞாயித்துக்கிழமை மட்டும் விட்ருங்கக்கா, தூங்கட்டும்.'"