அம்புக்குறி அண்ணன்

எங்கள் அம்புக்குறி அண்ணன் மட்டும் பிறக்காமல் போயிருந்தால், வீடியோ சேனல் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் என்றோ கடையை மூடியிருப்பார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் அவர் ஸ்டோர் கீப்பர். பக்கத்து மேசையில் நான் டிராயிங் போடுகிறவன். வீடியோவின் முகப்புப் படத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்துவிட்டால் போதும், அவர் கை தானாக மவுஸுக்குப் போய்விடும். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

‘இந்த இலையைத் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா?’ என்றொரு வீடியோ. வாயைப் பிளந்த ஒரு ஆள், ஒரு இலை, ஒரு அம்பு. இருபத்திரண்டு நிமிடமும் பார்த்தார். போல்ட் வாங்க வந்த மூன்று பேர் வாசலிலேயே நின்றார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே முடிவை அறிவித்தார்.

“கை பச்சையாவுதாம். அவ்ளோதான்.”

தினமும் இப்படி ஒன்று. அவர் பார்த்துச் சொல்லிவிடுவதால் நாங்கள் யாரும் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. இன்னொரு தடவை வேலை நேரத்தில் வீடியோ ஓடினால் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனின் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

அன்றே அவருடைய பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒரு குட்டி மென்பொருளைப் போட்டுவிட்டேன். அது முகப்புப் படத்தைத் தூக்கிவிட்டு, வீடியோவின் நடுவிலிருந்து ஏதாவது ஒரு காட்சியை வைத்துவிடும். அலறுகிற தலைப்பையும் சாதுவாக்கிவிடும். அம்பும் கிடையாது, பிளந்த வாயும் கிடையாது. இரண்டு நாள் அண்ணன் ஒழுங்காக வேலை பார்த்தார். சாப்பாட்டு வேளைதான் சப்பென்று போனது.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். திரையில் பெசன்ட் நகர் கடற்கரை. மணலில் ஒரு நீல நாற்காலி. ஆள் இல்லை.

“இதுல யாருப்பா குந்திகினு இருந்தது?”

தெரியாது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். மகளை ஞாபகப்படுத்தினேன். ஆனால் அம்பு காட்டினாலே தாங்காத மனிதர், எதையுமே காட்டாத படத்தை எப்படித் தாங்குவார்? வீடியோ ஓடியது. ஐந்தாவது நிமிடம் முதலாளி பின்னால் வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“யாரோட நாற்காலிய்யா அது?” என்றார் முதலாளி.

“அத்ததான் சார் பாத்துகினு கீறேன்.”

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீதி ஒன்பது நிமிடம் இருவரும் அசையவில்லை. கடைசியில் வீடியோ எடுத்தவரே வந்து அதில் உட்கார்ந்தார். முதலாளி எழுந்து, இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பார்க்கும்படி சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் அடையாறில் வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். மதியம் அவரவர் போனை அவரவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். நேற்று அண்ணனுக்குப் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

“சும்மா எவனாச்சும் கூப்புடுவானா? இன்னா விசயம்னு சொல்லு, இல்லாட்டி எனக்கு வேலை ஓடாது.”

நான் சொல்லாமல் அவர் விடமாட்டார் என்று தெரியும். உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.