ஜுவலைட்டா, ஷூவ்லேயா?

“இந்த ஜுவலைட்டைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க,” என்றார் வெள்ளை மீசைக்காரர்.

“ஷூவ்லே,” என்றார் பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடி அம்மாள், யாரையும் பார்க்காமல்.

கார் ஷோரூமின் விற்பனையாளர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

புது மாடல் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வண்டியின் முதுகில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைப் பளபளவென்று ஒட்டி அனுப்பிய கம்பெனி, அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. மேனேஜர் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “வர்றவங்க எப்படிச் சொல்றாங்களோ, நாமும் அப்படியே சொல்லணும். யாரையும் திருத்தக் கூடாது.” ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மேனேஜரின் இன்னொரு சட்டம் நம் விற்பனையாளராலேயே பிறந்தது. போன வருஷம் ஒருவரிடம், “உங்க அம்மாவுக்கு முன் சீட் வசதியா இருக்கா சார்?” என்று அன்பாகக் கேட்டுவைத்தார். அந்த ‘அம்மா’ அவருடைய மனைவி. அன்றிலிருந்து உத்தரவு: “சேர்ந்து நின்னா சேர்ந்தவங்க. என்ன உறவுன்னு வாயைத் திறந்து கேட்கக் கூடாது!”

ஆளும் அப்படி வாயைத் திறந்து மாட்டிக்கொள்கிற ஆள்தான். ஷோரூமில் எல்லோரும் அவரைச் ‘சமாதானம்’ என்றே கூப்பிட்டார்கள். யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பார். அடி அவருக்கே விழும். மூன்று மாதமாக ஒரு வண்டி விற்கவில்லை. காலையில்தான் மேனேஜர் கூப்பிட்டு, “இன்னிக்கும் ஒண்ணும் போகலைன்னா திங்கட்கிழமையிலேருந்து உதிரி பாகக் கிடங்குக்குப் போயிடுங்க,” என்றிருந்தார். கிடங்கில் ஆணிகளும் திருகுகளும்தான் உண்டு. மனிதர்களோடு பேசியே உயிர் வாழ்கிற மனுஷன் அங்கே போனால் வாடிவிடுவார்.

“எழுத்து எழுத்தாப் படிச்சா ஜுவலைட்தானுங்களே வருது?” என்றார் மீசைக்காரர் அந்த அம்மாளிடம்.

“எழுத்து எழுத்தாப் படிக்கிறது குழந்தைங்க. இந்த மாதிரிப் பேருக்கெல்லாம் கடைசி எழுத்து பேசாது.”

“பேசாத எழுத்தை எதுக்கு எழுதணும்?”

“உங்க மீசை மட்டும் பேசுதா என்ன? வெச்சிருக்கீங்க இல்லே?”

மீசைக்காரர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சமாதானத்துக்கு மனசு உருகிவிட்டது. இவ்வளவு சண்டையிலும் மனைவியிடம் ‘ங்க’ போட்டுப் பேசுகிற மனிதர்! சமாதானமும்தான் இருக்கிறாரே, வீட்டுக்காரியோடு இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேசியிருந்தாலும் ‘ங்க’ வந்திருக்காது. இந்தத் தம்பதியைச் சண்டையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

முதலில் மேனேஜர் வழியில் போனார். இடது பக்கம் திரும்பி, “ஜுவலைட்ல மைலேஜ் அருமை சார்.” வலது பக்கம் திரும்பி, “ஷூவ்லேயோட கண்ணாடி நல்லா அகலம் மேடம்.” கழுத்து வலித்தாலும் காரியம் நடந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று கேட்டார்கள்.

“ஜு... ஷூ... இந்த வண்டியில நாலு பெட்டி வைக்கலாம்.”

“நீங்க எந்தக் கட்சி?” என்றார் அம்மாள்.

“காத்தாட ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கலாமா?” என்றார் சமாதானம் அவசரமாக.

இருவருமே தலையாட்டினார்கள். அம்மாளை ஓட்டச் சொல்லி, மீசைக்காரரை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, பின் சீட்டில் தான் ஒடுங்கிக்கொண்டார். அருகருகே உட்கார்ந்தால் கோபம் தணியும் என்பது அவர் கணக்கு. முதல் திருப்பத்திலேயே மீசைக்காரரின் கால் தரையை ஓங்கி மிதித்தது.

“உங்க பக்கம் பிரேக் இல்லை,” என்றார் அம்மாள்.

“தெரியும். ஒரு ஆறுதலுக்கு மிதிக்கிறேன்.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அதை ஹாரன் அடித்து மறைத்தார்.

“ஜுவலைட்ங்கிறது மலை மேல இருக்கிற ஒரு ஊரு,” என்று மீசைக்காரர் மறுபடி ஆரம்பித்தார். “எங்கேயோ படிச்சிருக்கேன்.”

“ஷூவ்லே ஒரு பறவை. சின்னதா, நீல நிறத்துல இருக்கும்.”

“யார் சொன்னது?”

“உங்களுக்கு ஊர் இருந்தா எனக்குப் பறவை இருக்கக் கூடாதா?”

பின் சீட்டில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பழகிய வாய் கேட்கவில்லை. “ரெண்டுமே சரிதான். அந்த மலை ஊர்ல மட்டும் இருக்கிற பறவை அது.”

வண்டி ஓரமாக நின்றது. இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“அப்போ ஊரை வெச்சுப் பறவைக்குப் பேரா, பறவையை வெச்சு ஊருக்குப் பேரா?” என்றார் மீசைக்காரர்.

“அந்தப் பறவை என்ன சாப்பிடும்?” என்றார் அம்மாள்.

இனிக் கதை விட்டால் தாங்காது. சமாதானம் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினார். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது என்று அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“வணக்கம் சார், ஹுவெலாயித் சம்பந்தமா என்ன உதவி வேணும்?” என்றது ஒரு பெண் குரல்.

முன் சீட்டில் இருவரும் போனை நோக்கிக் குனிந்தார்கள்.

“அந்தப் பேரு எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்றார் சமாதானம்.

“எங்கேருந்தும் வரலை சார். கம்ப்யூட்டர் இருநூறு பேரு போட்டுக் கொடுத்துச்சு. இது ஒண்ணைத்தான் வேற யாரும் வெச்சிருக்கலை. அர்த்தம்னு எதுவும் கிடையாது. நீங்க எப்படி வேணாலும் கூப்பிட்டுக்கலாம்.”

போன் அணைந்தது. மீசைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“யாருமே வேண்டாம்னு விட்ட பேரா? பாவம்,” என்றார்.

மீசைக்காரர் அம்மாள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்றபடியே இருக்கட்டுமுங்க. ஷூவ்லே. மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு.”

“ஐயோ, வேண்டாம். ஜுவலைட்டே இருக்கட்டும். முழுசா இருக்கு.”

“இல்லை, அந்தப் பறவை நல்லா இருந்துச்சு.”

“அந்த ஊரும்தான்.”

திரும்பி வரும் வழியெல்லாம் இதே சண்டை. பின் சீட்டில் சமாதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி விற்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆனால் மேஜைக்கு வந்ததும் இருவருமே முன்பதிவுப் படிவத்தைக் கேட்டார்கள். கிடங்குக் கதவு கண்ணெதிரே சாத்திக்கொண்டது. சமாதானம் பேனாவைத் திறந்து, “யார் பேர்ல போடணும்?” என்றார்.

“என் பேர்ல,” என்றார்கள் இருவரும்.

“மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களே!” சமாதானம் கைகூப்பினார். “ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு வண்டி? ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே போட்டுடறேனே!”

மீசைக்காரருக்கு இருமல் வந்து நிற்கவேயில்லை. அம்மாள் மேஜை மேலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, காது வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“சரி, பேரு அப்புறம். விலாசம்?”

இருவரும் சட்டென்று சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள். வீடு மாறுகிறார்கள் போலிருக்கிறது என்று சமாதானம் நினைத்துக்கொண்டார்.

“அதுவும் காலியாவே இருக்கட்டும்,” என்றார் அம்மாள் மெதுவாக. “என் நம்பரை எழுதிக்குங்க.”

“என் நம்பரையும்,” என்றார் மீசைக்காரர். அம்மாள் சொன்ன நம்பரைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். “ஒரு வண்டியை எடுத்து வைங்க. பேரையும் விலாசத்தையும் சீக்கிரமே சொல்றோம்.”

படிவத்தில் இரண்டு கையெழுத்து விழுந்தது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

வாசலில் அம்மாள் நின்று, “பக்கத்துல நல்ல காபி எங்கே கிடைக்கும்?” என்று கேட்பதும், மீசைக்காரர் அதற்கு இரண்டு கடை பெயரைச் சொல்வதும், எது நல்லது என்று அங்கேயும் ஒரு வாக்குவாதம் ஆரம்பிப்பதும் சமாதானத்தின் காதில் விழுந்தது. அவர்கள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு உடனே மனைவியோடு பேச வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துக்கொண்டே, கதவருகில் நின்ற காவலாளியிடம் சொன்னார்.

“பார்த்தீங்களாண்ணே? புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்.”

காவலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“என்ன சார் சொல்றீங்க? அந்தம்மா பஸ்ல வந்தாங்க, அவரு நடந்து வந்தாரு. காலையில நான் இந்தக் கதவைத் திறந்துவிட்டப்பதானே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முதல் தடவையாப் பார்த்தாங்க!”